இரண்டாவது பொட்டலம்

1937, தை வெள்ளி.

தங்கை செல்லம்மாளுக்குக் கறம்பக்குடி வரனை முடிக்கலாமா என்று இன்று கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். செல்லம்மாள் கட்டிவைத்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை ஆத்தா எடுத்தாள். வெள்ளை. அப்படியென்றால் மற்றதில் சிவப்பு. பிரிக்காமலே தெரிந்துவிட்டது.

அப்போது பிடித்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விஞ்ஞானப் பத்திரிகையில் படித்த இரட்டைத் துகள்களும் இப்படித்தான். எவ்வளவு தூரத்தில் பிரிந்திருந்தாலும் ஒன்றைப் பார்த்தால் மற்றது தெரிந்துவிடும். ஆனால் பார்க்கும்வரை இரண்டிலுமே எதுவும் முடிவாகியிருக்காதாம்.

ஆத்தா பிரகாரம் சுற்றப் போனதும், செல்லம்மாளுக்கு இதை விளக்கிக்காட்ட மற்ற பொட்டலத்தை எடுத்தேன்.

"பிரிக்காதீங்கண்ணே" என்றாள்.

அதற்குள் பிரித்துவிட்டேன். அதிலும் வெள்ளை.

"நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேண்ணே."