மெர்ல் விட்டுக்கொடுத்த சனிக்கிழமை

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை டிராவிஸும் அந்த அலாஸ்காக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொல்லலாம் என்றால் நான் போனை எடுத்தாலே அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் கடிதம். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. கொட்டகைக் கூரை பனி தாங்காமல் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. சர்ச்சுக்குப் புதுப் பாஸ்டர் வந்திருக்கிறார், பிரசங்கம் ரொம்ப நீளம். அப்பாவுக்கு வயிற்றில் இருப்பது அல்சர் இல்லை, கணையத்தில் புற்றுநோய். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, எனக்கு இப்போது எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கிறது, கூரையும் பாஸ்டரும் இதுவும். வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது நெஞ்சு. அழுகை வரவில்லை.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார், இனி பெரிதாக வைத்தியம் ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், கோடை வரை இருந்தால் அதிகம் என்று. அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் காருக்கு வைப்பர் மாற்ற வேண்டும் என்றார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. யார் கேட்டாலும் அல்சர் என்றார், நானும் அல்சர் என்றேன், உன்னிடமும் அதையேதான் சொன்னேன். என் மேல் கோபம் வந்தால் கோபித்துக்கொள், நியாயம்தான். ஆனால் அந்தப் பொய்யில் மனிதர் காலையில் எழுந்து ஷேவ் செய்துகொண்டார், கொஞ்சம் சாப்பிட்டார், சனிக்கிழமை வந்தால் சண்டைக்குத் தயாரானார். அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமைச் சண்டை உனக்குத் தெரிந்ததுதான். தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் காலைச் சாப்பாடு, பேஸ்பால் உலகத்திலேயே தேர்டு பேஸில், அந்த மூன்றாம் மூலையில், நின்று பந்து பிடித்தவர்களில் யார் பெரியவன் என்று கத்தல். நம் ஊர் பால்டிமோருக்கும் பிலடெல்பியாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர், ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருக்கும். அப்பாவுக்குப் பால்டிமோர் ப்ரூக்ஸ் ராபின்சன், அவரைத் தாண்டி ஒரு பந்து போகாது என்பார். உன் சித்தப்பா மெர்லுக்குப் பிலடெல்பியா மைக் ஷ்மிட், அடித்தால் பந்து பார்க்கிங்கில் போய் விழும், பிடிக்கவும் தெரியும் என்பான். நீ பெல்ட்ரே என்று ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தபோது அப்பா இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. முட்டி போட்டு அடிக்கிறவன், தலையைத் தொட்டாக் கோவிச்சுக்கிறவன், அவன்லாம் ஒரு ஆட்டக்காரனா என்று என்னிடம் வந்து புலம்பினார். அந்த மேஜையில் எவனும் எவனுக்கும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை. யாராவது இறந்துபோனால்தான் விட்டுக்கொடுப்பார்கள். அடக்கம் முடிந்து அதே கூடத்தில் ஹாமும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிடும்போது, செத்தவரோடு அதிகம் சண்டை போட்டவர் எழுந்து காப்பிக் கோப்பையைத் தூக்கி, அவர் சொன்னதுதான் சரி, அவர் ஆள்தான் பெரியவன் என்று சொல்வார், மற்ற எல்லோரும் ஆமாம் என்பார்கள். அந்த மேஜைக்காரர் ஹார்வி ரோர்பா செத்தபோது அப்பாதான் சொன்னார், அந்தக் காலத்து ஆட்டக்காரன் பை ட்ரேனர்தான் எல்லோரிலும் பெரியவன் என்று. மேஜையில் ஒருவர்கூட ட்ரேனர் ஆடிப் பார்த்ததில்லை, ஹார்வியே பார்த்ததில்லை, அவர் அப்பா சொல்லக் கேட்டதுதான். அன்றைக்கு மட்டும் அந்த மரியாதை. அடுத்த சனிக்கிழமையே ட்ரேனரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள்.

இந்த மாதம் முழுக்க அப்பாவால் கூடத்துக்குப் போக முடியவில்லை. மெர்ல்தான் அங்கிருந்து இறைச்சிக் குழம்பும் ரொட்டியும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தான். நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அவனுக்கும் கண் இருக்கிறதே. போன சனிக்கிழமை அப்பா கரண்டியை எடுக்கையில் சட்டைக் கை மேலே ஏறியது, மெர்ல் எலும்பாய்ப் போன அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வழக்கம்போல, என்னடா, உன் ஷ்மிட்டைச் சொந்த ஊர்க்காரனே கூச்சல் போட்டு விரட்டினானே, அவனைப் போய் தலையில தூக்கி வச்சு ஆடுறியே என்று வம்புக்கு இழுத்தார். மெர்ல் பதிலுக்குப் பாயவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். அண்ணே, நீ சொன்னதுதான் சரிண்ணே, ப்ரூக்ஸ்தான், அவனுக்கு மேல எவனும் இல்ல என்றான். பாவம், பாசத்தில்தான் சொன்னான். வாயை விட்டு வார்த்தை வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது, நான் அணைக்கவில்லை. மெர்ல் தொப்பியை மறந்துவிட்டுக் காருக்கு ஓடிவிட்டான். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, டார்லீன், என் தம்பி எனக்கு அடக்கச் சாப்பாட்டுப் பேச்சைப் பேசிட்டுப் போயிட்டான், கேட்டியா என்றார். கேட்டேன் என்றேன். அப்ப எல்லாருக்கும் தெரியும் என்றார். நான் அப்போதுதான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன்.

அதிலிருந்து அப்பா ஷேவ் செய்யவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். முட்டை வேண்டாம், ஆப்பிள்சாஸ் வேண்டாம், டிவியில் சீசனுக்கு முந்தின பேஸ்பால் பயிற்சி ஆட்டம் போட்டால் அதுவும் வேண்டாம். மெர்ல் போன் செய்து அழுதான், அண்ணி, நான் என்ன பண்ணட்டும் என்று. எனக்கு என்ன தெரியும், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை கோழியும் சோளமும் போட்டு சூப் வைத்துக் கொண்டுபோனேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, மெர்ல் ஒத்துக்கிட்டா ஒத்துக்கட்டும், நான் ஒத்துக்கல, ஷ்மிட்தான் பெரியவன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து காப்பி ஊற்றியதைத் தவிர அந்தச் சண்டையில் நான் வாய் திறந்ததில்லை, உனக்கே தெரியும். அப்பா திரும்பிப் பார்த்தார். உனக்கு என்னடி தெரியும் என்றார். இத்தன வருஷம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு, தெரியாம என்ன, உங்க ப்ரூக்ஸ் ஓடினா பால்காரன் வீட்டுக்கு வீடு நின்னு வர்ற மாதிரி இருக்கும், ஷ்மிட் அடிச்சதுல பாதிதான் அவன் அடிச்சான் என்றேன். பாதியா, பாதியா, பிடிச்சதக் கணக்குல சேக்க மாட்டியா, எழுபதாம் வருஷத்து வேர்ல்ட் சீரிஸ்ல அவன் பந்து பிடிச்சதப் பாத்தவ எவளாவது இப்படிப் பேசுவாளா என்று கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கும் இடைவெளியில் எல்லாம் நான் ஒரு கரண்டி ஊட்டினேன், அவருக்குத் தெரியவே இல்லை. கிண்ணம் காலி. எனக்கு அப்போதும் சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் மெர்லைக் கூப்பிடச் சொன்னார். வந்தவன் கதவருகே நின்று, அண்ணே, அன்னிக்கு நான் என்று இழுத்தான். ஒழுங்கா சண்ட போடுறதா இருந்தா உக்காரு, இல்லன்னா தொப்பிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ, நான் இன்னும் சாகல என்றார் அப்பா. மெர்ல் உட்கார்ந்தான். குரல் உடைந்துபோய்த்தான் ஷ்மிட்டைப் பற்றி ஆரம்பித்தான், போகப் போக இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்கள். அவன் போன பிறகு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, கெண்ட்ராவுக்கு எழுது, அடக்கச் சாப்பாட்டுக்கு வர வேணாம், இப்பவே வரச் சொல்லு என்றார். அந்த நோயை ஒத்துக்கொண்டு அவர் கேட்டது இது ஒன்றுதான்.

அதனால் புறப்பட்டு வா. டிராவிஸுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. விமானத்தில் குளிரும், ஸ்வெட்டரைக் கையிலேயே வைத்துக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு. வந்து அப்பாவைப் பார்த்ததும் உனக்குத் தாங்காது, ரொம்ப இளைத்துவிட்டார். அழுகை வந்தால் அழு. ஆனால் மனசு இளகி, நீங்க சொன்னதுதான் சரிப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் பெல்ட்ரேயை விடாதே, அவர் எவ்வளவு திட்டினாலும் விடாதே. அதைச் சொல்ல ஒரு நாள் வரும். அன்றைக்கு மெர்ல் எழுந்து சொல்வான், நீயும் நானும் ஆமாம் என்போம்.

கர்த்தர் உங்கள் இருவரையும் வழியெல்லாம் காக்கட்டும்.

உன் அம்மா,
டார்லீன்