அமுதாவுக்கு நான் போட்ட மதிப்பெண்

என் அருமை அமுதாவுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நம் பச்சிளங்குழந்தை வார்டில் உன் அலமாரியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். குழந்தைகளுக்குச் சூடு தரும் வார்மர் நான்கு புதிதாக வந்திருக்கிறது, ஆள் கூடவில்லை. இந்த மாதிரி செய்திகளைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சொல்ல வேண்டியது வேறு. போன மாதம் உன் மகள் நிவேதா என்னைத் தேடி வந்தாள்.

அதற்கு முன்னால் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும்.

குழந்தைகளுக்கு வலி மதிப்பெண் போடும் தாள். முகம், அழுகை, மூச்சு, கை, கால், விழிப்பு. அழுகைக்கு இரண்டு வரை, மற்ற ஐந்துக்கும் ஒன்று வரை, கூட்டினால் ஏழு. எண் ஏறினால் வலி அதிகம். அது வந்த புதிதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே எழுதிக் கை ஓயும். எத்தனையோ நாள் சரியாகப் பார்க்காமலே சைபர் போட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலையூரிலிருந்து பொன்னி வந்து சேர்ந்தாள். அவள் குழந்தை நாள் நிறையாமல் பிறந்தது, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சர்க்கரை பார்க்கக் குதிகாலில் குத்தினேன். குழந்தை அழவில்லை. சைபர் எழுதினேன். நீ எனக்குப் பின்னால் நின்றிருந்தாய்.

“இன்னாடி எழுதுற?”

“அழுவலியே.”

“அழுவறதுக்குத் தெம்பு வேணாமா? மூஞ்சப் பாரு. கையப் பாரு.”

பார்த்தேன். நெற்றி சுருங்கி, கண் இறுகி, கைவிரல்கள் விறைத்து விரிந்திருந்தன. காலும் விறைத்து நீண்டிருந்தது. மூச்சு தாறுமாறாக ஓடியது. சத்தம் மட்டும்தான் இல்லை. நீ என் சைபரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். பொன்னியைக் கூப்பிட்டு, இனி குத்துவதற்கு முன்னால் குழந்தையின் நாக்கில் அவள் பாலை இரண்டு சொட்டு விடச் சொன்னாய்.

“இத்தினிக்காண்டு இருக்குது. இதுக்கும் வலி தெரியுங்களா?” என்று கேட்டாள் அவள்.

“உனக்குத் தெரியுற மாதிரிதாம்மா. சொல்லத்தான் தெரியாது” என்றாய்.

அடுத்த முறை எண் இரண்டுக்கு இறங்கியது. ஐந்து வாரம் கழித்து அந்தக் குழந்தை உயிரோடு மலையேறிப் போனது. அதற்கப்புறம் நான் பார்க்காமல் எண் எழுதியதில்லை.

மூன்று வருடம் கழித்து உனக்கு மார்பில் வந்த புற்று முதுகெலும்பு வரை போனது. கால்கள் அசையாமல் போயின. சென்னையில் இனிச் செய்வதற்கில்லை என்றதும் இங்கே கொண்டுவந்து பெண்கள் வார்டில் சேர்த்தோம். வந்த நான்காம் நாள் உன் பேச்சு நின்றது.

அன்று காலை வார்டு நர்ஸ் வந்து, “வலி பத்துக்கு எவ்ளோம்மா?” என்று கேட்டாள். நீ கண் திறந்து அவளைப் பார்த்தாய். அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, ‘பதில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவள் மேல் தப்பில்லை. அவள் தாளில் கேட்டு எழுதத்தான் கட்டம் இருந்தது.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நெற்றி சுருங்கியிருந்தது; ஒன்று. தொண்டைக்குள் மெல்லிய முனகல், ஒன்று. மூச்சு, ஒன்று. கை போர்வையை முறுக்கிக்கொண்டிருந்தது, ஒன்று. கால், சைபர், கால்தான் அசையாதே. நிலைகொள்ளாத விழிப்பு, ஒன்று. ஏழுக்கு ஐந்து.

டூட்டி டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். “அது குழந்தைங்களுக்குள்ளது ஆச்சே சிஸ்டர்” என்றார்.

“பேச முடியாதவங்களுக்குள்ளதுங்க. ஒருவாட்டி வந்து பாருங்க.”

வந்தார். உன் கையைப் பிரித்து வைத்தார். அது மறுபடி போர்வையை முறுக்கியது. வலிக்கு ஊசி போடலாம் என்றார். ஆனால், “இருக்கிற நெலமைக்குத் தூங்கிட்டாங்கன்னா அப்புறம் முழிப்பாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது. யாராவது வர வேண்டியிருக்கா?” என்று கேட்டார்.

நிவேதா வர வேண்டியிருந்தது. விழுப்புரம் தாண்டிவிட்டேன் என்று அப்போதுதான் போன் செய்திருந்தாள். உன் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“புள்ள வந்துக்கினு இருக்காம்மா. கண்ணத் தொறந்து ஒருவாட்டி பாக்கட்டுமே. ரெண்டு மணி நேரந்தான்.”

“ரெண்டு மணி நேரம் அவ இப்படியே கெடக்கணுமாண்ணே?”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “எனக்குத் தெரியல. நீயே சொல்லிடும்மா.”

நான் சொன்னேன். ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் நெற்றி விரிந்தது, கை போர்வையை விட்டது. மறுபடி எண்ணினேன். மூச்சுக்கு மட்டும் ஒன்று. உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டு நிவேதா வந்தபோது மதியம் இரண்டரை மணி. உன் காதருகே குனிந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நீ கண் திறக்கவில்லை. நாலு மணிக்குப் போய்விட்டாய்.

இதை அவளிடம் நானும் சொல்லவில்லை, அவள் அப்பாவும் சொல்லவில்லை. வருடத் திதி முடிந்த பிறகு அவராகச் சொல்லியிருக்கிறார். போன மாதம், டூட்டி முடிந்து வந்த என்னை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனாள்.

“அம்மா முழிச்சிக்கினு இருந்தாங்களாமே சித்தி. நீங்கதான் ஊசி போடச் சொன்னீங்களாம்.”

“ஆமா.”

“நான் வந்துக்கினு இருக்கறது தெரிஞ்சும்.”

“தெரிஞ்சுதான்.”

நடந்ததை நடந்தபடி சொன்னேன். நெற்றி, முனகல், கை, எல்லாம் கூட்டி ஐந்து. அவள் பஸ்களைப் பார்த்தபடி கேட்டாள். டீயில் ஆடை படிந்துவிட்டது.

“அஞ்சுன்னா, எத்தினிக்கு அஞ்சு?”

“ஏழுக்கு.”

“ஊசிக்கு அப்புறம்?”

“ஒன்னு.”

ஆறிப்போன டீயை எடுத்து முழுசாகக் குடித்தாள். “நான் வர்ற வரைக்கும் அம்மா இருக்கணும்னு பஸ்ஸுல வேண்டிக்கினே வந்தேன். வலிக்குமேன்னு எனக்குத் தோணவே இல்ல சித்தி” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, தீபாவளிக்கு வந்தால் உங்க வூட்டில்தான் தங்குவேன் என்றாள்.

அமுதா, எவ்வளவு வலிக்கிறது என்று அந்தத் தாள் சொல்லும். மகளுக்காக இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கிக்கொள்ள நீ விரும்பினாயா என்று சொல்லாது. விரும்பியிருப்பாயோ? உன் கையைப் பிடித்து அதையாவது நான் கேட்டிருக்க வேண்டுமோ?

தீபாவளிக்கு நிவேதா வருவாள். மறுபடி கேட்டால் ஒன்றையும் குறைக்காமல் மறுபடி சொல்லுவேன். நான் செய்தது சரி என்று மட்டும் அவளிடம் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. என் கண்ணால் பார்த்ததைச் சொல்லுவேன்.

உன் மகளுக்குச் சித்தி,
வாசுகி