இரண்டு விண்ணப்பம்

ஜூலை 2, வியாழன்

ஊர் அடங்கிய பிறகு விளக்கைத் தூண்டிவிட்டு எழுதுகிறேன், ரூத். பொறுத்துக்கொள். பகலில் பேனா எடுத்தால் இவர் பிடுங்கிவிடுகிறார். ஹாஸ்டலில் ஒரே நோட்டில் மாறி மாறி எழுதினோமே, அந்தப் பழக்கம். அனுப்புவதற்கில்லை. உன்னிடம் சொல்வதாக நினைத்தால்தான் எழுத வருகிறது.

புழுக்கம். காற்றே இல்லை. தோல் பதனிடும் ஷெட் நாற்றம் தலையணையில்கூட.

மண்ணெண்ணெய் வாங்க. பாப்பாவுக்கு வசம்பு. அரிவாள்மணையை வேறு இடத்தில் ஒளிக்க.

பங்குனியில் போனது இவர் வேலை. சீமைக்குத் தோல் போகவில்லையென்று ஷெட்டை மூடிவிட்டார்கள். இவர் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே தரம் பிரிப்பவர். இப்போது தோல் இல்லை, ஆட்களைப் பிரிக்கிறார். முந்தாநாள் பால்காரன் முழங்கையைப் பிடித்து அழுத்தி, "ரெண்டாம் தரம்" என்றார். அவன் சிரித்துக்கொண்டு போனான். இன்று பக்கத்து வீட்டுக் கோழி இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாம். பிடித்துக் கழுத்தைத் திருகிவிட்டார். தலை ஒரு கையில், உடல் ஒரு கையில். பாப்பா பார்த்துக் கை தட்டினாள்.

கோழிக்காரி வாசலில் நின்று: "இன்னாம்மா இது? படிச்சவங்க வூடுன்னு பாத்தா கசாப்புக் கடையா இருக்குது!"

ஜூலை 3, வெள்ளி

சபையிலிருந்து எஸ்தர் அக்கா, கூட இன்னொரு அம்மாள். இந்தச் சபை உனக்குத் தெரியாது, கல்யாணத்துக்குப் பின் நான் சேர்ந்தது. சம்பளத்துக்குப் பாதிரி கிடையாது. ஊரில் இன்னும் ஓடுகிற புது ஷெட்டின் மேஸ்திரிதான் மூப்பர், எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர். காபி, தேயிலை கூடாது. மாதத்து முதல் ஞாயிறு உபவாசம், அன்று மிஞ்சும் அரிசி இல்லாதவர்கள் வீட்டுக்கு. போன மாதம் எங்கள் வீட்டுக்கு.

வந்ததும் அக்கா மூக்கைச் சுளித்தாள். "காபி வாசன அடிக்குதே?"

"பக்கத்து வீட்ல, அக்கா." பொய்.

"குடிச்சிடாதடி. நரம்பு கெட்டுடும்." பிறகு என் உதட்டு வீக்கத்தைப் பார்த்தாள். கேட்டாள். சொன்னேன், பாதி.

"வேலயில்லாத ஆம்பள வூட்லயே குந்திகினு இருந்தா பேஜாருதான். வேல கெடச்சா எல்லாம் சரியாய்டும். ஞாயித்துக்கெழம புது ஷெட்டு மேனேஜர் ஐயா சபைக்கு வர்றாரு. எங்க வூட்டுக்காரரு சொல்லி வெச்சிருக்காரு. நீ எழுந்து நின்னு விண்ணப்பத்தச் சொல்லிடு."

எங்கள் சபையில் எழுந்து நின்று சொல்லும் விண்ணப்பம் ஜெபத்துக்கு. வயிற்றுவலி, மாமியார் சண்டை, எல்லாம் சொல்வார்கள். நானும் சொல்லிவிட வேண்டியதுதான். முழுவதும்.

ஜூலை 4, சனி

எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

கிணற்றடியிலிருந்து வந்தேன். பாப்பா அவர் மடியில். வெள்ளையடிக்க நீற்றி வைத்திருந்த சுண்ணாம்புச் சட்டியில் அவள் வலது காலை அழுத்திப் பிடித்திருந்தார். அலறல் தெருவரை. அவர் முகத்தில் கோபமே இல்லை. "முடி இருக்குது பார். சுண்ணாம்புல ஊறினாத்தான் கழலும்" என்றார், பொறுமையாக, எனக்குத் தோல் பதனிடும் தொழில் கற்றுத் தருவது போல.

செம்பால் அவர் தலையில் அடித்தேன். பிடி விடும்வரை. விட்ட பிறகும்.

குடம் குடமாகத் தண்ணீர். விரலிடுக்கில் தோல் வெள்ளையாகக் கிளம்பி நிற்கிறது. டாக்டரம்மாள் கட்டுப் போட்டார். கால் பிழைக்கும் என்றார். திரும்பி வந்ததும் இவர் கட்டைப் பார்த்து அழுதார். "யாரு இப்படிப் பண்ணது?" என்று என்னைக் கேட்டார்.

ஜூலை 5, ஞாயிறு

உபவாசம். நாக்கு ஒட்டிக்கொண்டது. இவர் ஆண்கள் பக்கம், தலையில் துணிக்கட்டு, நல்ல சட்டை. முன்பெஞ்சில் மேனேஜர்.

மேஸ்திரி என்னைப் பார்த்து, "ஒன் விண்ணப்பத்தச் சொல்லும்மா, ஐயா கேக்குறாரு."

சொன்னேன். கோழி, உதடு, சுண்ணாம்புச் சட்டி. பாப்பா காலைத் தூக்கிக் காட்டினேன். இவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது, கத்தியைக் கண்டால் பயமாக இருக்கிறது, ஜெபியுங்கள் என்றேன்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

மேஸ்திரி தன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவி. வேல கேட்டுல்ல விண்ணப்பம் சொல்லச் சொன்னேன்!"

மேனேஜர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "ஷெட்டு பூரா கத்தி இருக்குது மேஸ்திரி. நல்லவேளை, பொண்ணு முந்திக்கினு சொல்லிட்டா" என்றார். எழுந்து போய்விட்டார்.

இவர் பெண்கள் பக்கம் நடந்து வந்தார். என் மேல்கையைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார். "கழிவு" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, ரூத். அதற்குள் நாலு பேர் அவர்மேல் விழுந்தார்கள். "வெளியே போ சாத்தானே!" ஒவ்வொரு 'போ'வுக்கும் ஒரு உதை. பல் ஒன்று பாய்மேல் விழுந்தது. ஜெபிக்கிற கையா அடிக்கிற கையா என்று பிரிக்க முடியவில்லை. மேஸ்திரி எண்ணெய் தொட்ட கையை அவர் நெற்றியில் வைத்து அழுத்தியபோது அந்தக் கையைக் கடித்தேன். சதை வரை. வாயில் ரத்தம், எண்ணெய், தோல் ஊறவைக்கும் பட்டைச் சாயத்தின் துவர்ப்பு.

எஸ்தர் அக்கா என் முடியைப் பிடித்து இழுத்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இழுத்தாள்.

ஜூலை 6, திங்கள்

இவரைப் புது ஷெட்டுப் பட்டைக் கிடங்கில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். புதன்வரை உபவாசமும் அடியும். அதோடு பிசாசு இறங்கிவிடுமாம், அவிழ்த்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்களாம்.

காலையில் எஸ்தர் அக்கா அரிசி மூட்டையோடு. "எங்க வூட்டுக்காரரு கை வீங்கிப்போச்சு. ஒன்னும் சொல்லல அவரு. பட்டை இடிக்க ஆள் கம்மி, ஒன்ன வரச் சொன்னாரு." இன்டர்மீடியட் பாஸ் செய்தவள் பட்டை இடிக்க. வருகிறேன் என்றேன். அரிசியையும் வாங்கிக்கொண்டேன். நேற்றிரவு அசந்து தூங்கினேன், அதை யாரிடம் சொல்வது.

சாயங்காலம் கிடங்குக்குப் போனேன். கம்பி ஜன்னல். அவருக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. முழுத் தெளிவோடு இருந்தார், முன்பிருந்த மாதிரி.

"பாப்பா கால் எப்படி இருக்கு?"

"ஆறும்."

"நான்தானே பண்ணேன்?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அவங்க அவுத்துவுட்டாலும் நீ என்ன வூட்டுக்குள்ள சேக்காத. தாப்பாள் போட்டுக்கோ."

பட்டைத்தூளில் இருமிக்கொண்டே சொன்னார்.

இந்தப் பக்கங்களைக் கிழித்து நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன், ரூத். நீ மதராசில் மூளை கலங்கியவர்களின் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாக இருக்கிறாய். அங்கே இவருக்குப் படுக்கை கிடைக்குமா? யாரிடம் கேட்க வேண்டும்? அங்கேயும் அடிப்பார்களா? மறைக்காமல் சொல். புதன்கிழமை இவரை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் கதவைத் திறக்கப் போவதில்லை. எத்தனை நாள் அப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை. உடனே பதில் எழுது.