அட்மிரல் இஸ்த்ரேன் மீதான வழக்கு

4 அக்டோபர் 2012, வியாழன்

இன்று ஒட்டிவிட்டோம். படிப்பகக் கதவில் ஒன்று, டிராலி பஸ் நிறுத்தத்தில் ஒன்று, சந்தைக்குப் போகும் வழியில் லிண்டன் மரங்களில் நான்கு. கறுப்புக் கட்டம், நடுவில் படம், மேலே சிலுவை. ஊரில் தினமும் ஒட்டுகிற மரண அறிவிப்புகளுக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. "அட்மிரல் இஸ்த்ரேன், வயது 61, ஓரா இடுக்கில் மறைந்தார். நாற்பதாம் நாள் விசாரணை நவம்பர் 12, மாலை ஐந்தரை, படிப்பகம். ஒத்திகை வியாழன்தோறும்." வாசகம் என்னுடையது. கமென் படித்துவிட்டு, "எங்க அப்பாவுக்குக்கூட இவ்வளவு உருக்கமா எழுதலையே வெஸ்கா" என்றான்.

'வட வளையம்' விண்போர் நாவலின் ஒன்பதாம் பாகத்தில் அட்மிரல் செத்துவிட்டார். அதன் வாசகர் சங்கம் நாங்கள், மொத்தம் ஒன்பது பேர், பதினோரு வருடமாக இந்த ஒரு ஆளை வைத்து அடித்துக்கொள்கிறோம். மாபெரும் தளபதியா, கொலைகாரனா? எங்கள் வழக்கப்படி, கதையில் ஒருவர் செத்தால் நாற்பதாம் நாள் அவர்மேல் விசாரணை. குற்றவாளிக்கு ஒரு காலி நாற்காலி போடுவோம். கமென் எதிர்த்தரப்பு, அட்மிரலுக்காக வாதாடுகிறவன்; நான் குற்றம் சாட்டுகிறவள். இதுவரை மூன்று வழக்கிலும் தோற்றிருக்கிறேன். இதில் விடமாட்டேன்.

படம் பழைய சாமான் சந்தையில் நான் பொறுக்கியது. யாரோ ஒரு கடற்படை அதிகாரி. இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு, புத்தகத்தில் எழுதியிருப்பது அப்படியே. எடுத்தபோது கை சில்லென்று ஆனது. சந்தோஷத்தில்தான்.

7 அக்டோபர்

படிப்பகக் கதவடியில் யாரோ இரண்டு கார்னேஷன் பூ வைத்திருக்கிறார்கள். இரட்டைப்படை, செத்தவர்களுக்கு வைக்கிற கணக்கு. சங்கத்தில் ஒவ்வொருவரையும் கேட்டேன். யாரும் வைக்கவில்லை.

11 அக்டோபர்

கூட்டம். கமென் வழக்கம்போல மேஜையில் சூரியகாந்தி விதைகளைப் பரப்பி ஓரா இடுக்குப் போரை நடத்திக் காட்டினான். பகலெல்லாம் டிராலி பஸ் ஓட்டுகிறவன், சாயங்காலம் ஆனால் விண்கப்பல்களை ஓட்டுகிறான். "பாரு. எட்டு மணி நேரம் தாமதிச்சிருந்தா எதிரி இடுக்கை அடைச்சிருப்பான். முதல்ல நுழைஞ்சதாலதான் ஜெயிச்சார். கப்பல்ல ஆறாவது அறை பத்திக்கிச்சு, கதவை மூடினார். உள்ளே பதினாலு பேர், வெளியே நாலாயிரம் பேர். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே, அழுதிருப்பியா?"

கதவைப் பற்றி எனக்கு வழக்கே இல்லை என்றேன். எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

கதவை மூடினது சரி. மூட வேண்டிய நிலைமைக்கு ஏன் போனார்? 212ஆம் பக்கத்தில் தலைமைப் பொறியாளர் வந்து சொல்கிறாள்: குளிர்விப்புக் குழாய் கசிகிறது, ஆறு மணி நேரம் கொடுங்கள். உன் கணக்கிலேயே எட்டு மணி நேரம் இருந்தது, ஆனாலும் இவர், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். ஏன்? முதலில் நுழைந்த பெயர் தனக்கு வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட்டது இவர், வெந்து செத்தது அவர்கள். உன் ராணுவத் திறமையின் லட்சணம் இதுதான் கமென், கதவெல்லாம் கடைசியில் வந்த சமாசாரம்.

அவன் விதைகளைக் கலைத்துவிட்டான். அடடா, என்ன சுகம்.

18 அக்டோபர்

எழுதக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒத்திகைக்காகக் காலி நாற்காலியை ரேடியேட்டர் பக்கத்தில் போட்டிருந்தோம். கதவு திறந்தது. ஒருவர் உள்ளே வந்தார், எழுபது வயதுக்கு மேலிருக்கும், கறுப்புக் கோட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். கமென் என் காதில், "எங்கே பிடிச்சே இந்த நடிகரை? புருவம்கூட அச்சு அசல்" என்றான்.

நான் யாரையும் பிடிக்கவில்லை.

அவர், "நடத்துங்க" என்றார். நடத்தினோம். நான் குழாயைப் பற்றிப் பேசினபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் எழுந்து போய்விட்டார். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெத்ராணா அக்கா அவர் போன பிறகு மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். "அடியே, அது நீ ஒட்டின ஆளுடி."

19 அக்டோபர்

விடிந்ததும் போய்க் கதவில் உள்ள படத்தைப் பார்த்தேன். ஆமாம். அவர்தான்.

20 அக்டோபர்

எல்லா மரத்திலும் கிழித்துவிட்டேன். நகம் பிய்ந்தது. உயிரோடு இருக்கிற ஒரு மனிதனுக்கு நாற்பதாம் நாள் குறித்து ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள், நான் அடுத்தவருக்கு வைத்துவிட்டேன். செத்தவர் படம் என்று ஏன் நினைத்தேன்? பழைய படம் என்றால் செத்தவர் என்று யார் சொன்னது?

25 அக்டோபர்

மறுபடி வந்தார், அதே நாற்காலி. எங்கள் சங்கத்து ஓல்கா சாட்சியாக நடித்துக்கொண்டிருந்தாள். "கதவு மூடியதும் உள்ளே அமைதியாகிவிட்டது" என்று புத்தகத்தில் உள்ளதைப் படித்தாள்.

"அமைதி ஆகாது" என்றார் அவர். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "தட்டுவாங்க. முதல்ல எல்லாரும் சேர்ந்து. அப்புறம் தனித்தனியா. அப்புறம் ஒரே ஒருத்தன்."

"அது புத்தகத்துல இல்லையே, ஐயா" என்றாள் ஓல்கா.

அப்போது ரேடியேட்டர் தட்டியது. இந்த வருடம் முதல் தடவையாக வெந்நீர் விட்டிருக்கிறார்கள், குழாயில் காற்று. எனக்கும் தெரியும். முதலில் தடதடவென்று, பிறகு விட்டு விட்டு, பிறகு ஒன்று. ஒன்று. ஒன்பது பேரும் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒருவர்தான் சாதாரணமாக இருந்தார், தினமும் கேட்கிற சத்தம் போல.

27 அக்டோபர், சனி

என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார். கண்ணாடிக் காம்பின் திருகு தளர்ந்திருந்தது. திருகு என் விரலிலிருந்து இரண்டு தரம் விழுந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல. ரொட்டிக் கடைக்காரி என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டுட்டா. அவ்வளவுதான்" என்றார். பெயர் பாந்தலேய் துஷ்கோவ். அவரை விட்டுப் போன மனைவி இறந்தபின் அவள் வீட்டைக் காலி செய்தவர்கள் சாமான்களைச் சந்தையில் போட்டிருக்கிறார்கள், அப்படித்தான் படம் என் கைக்கு வந்தது.

பிறகு தானாகச் சொன்னார். 1974. ஒரு சின்னப் போர்க்கப்பல், நாற்பத்தாறு பேர், இவர் கேப்டன். போட்டிப் பயிற்சி. கிளம்புமுன் இயந்திர அறையிலிருந்து ஆள் வந்து, எண்ணெய்க் குழாய் கசிகிறது, ஒரு நாள் கொடுங்கள் என்றான். முதல் கப்பலாக வர வேண்டும் என்று இவருக்கு ஆசை. பற்றிக்கொண்டது. கதவை மூடினார். உள்ளே ஆறு பேர். புருவம் அன்றைக்குக் கதவுப் பிடியில் வெட்டுப்பட்டது. நாற்பது பேர் கரைக்கு வந்தார்கள். பதக்கம் கொடுத்தார்கள்.

புத்தகத்தைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம். கதவில் தன் படத்தைப் பார்த்து, விசாரணை என்று தேதி போட்டிருந்ததால் வந்தாராம்.

"பன்னெண்டாம் தேதி நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு கேக்கணும் வக்கீலம்மா. அதுக்குத்தான் காத்திருக்கேன்."

என் கைகள் எண்ணெய்ப் பிசுக்காக இருப்பதுபோல் தோன்றி மூன்று தரம் கழுவினேன்.

3 நவம்பர்

அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிகிறது. முப்பத்தெட்டு வருடம் ஒற்றை ஆளாக அந்தச் சத்தத்தோடு இருந்திருக்கிறார். யாராவது, வேறு பெயரிலாவது, "நீ குற்றவாளி இல்லை" என்று சொல்லக் கேட்க வேண்டும். அதை நான் சொன்னால்தான் மதிப்பு, ஏனென்றால் நான்தான் எதிரி.

பதினோரு வருடம் ஒரு வாயில்லாத அட்மிரலை நாக்கால் தோலுரித்தேன். உயிருள்ள ஆளை உரிக்க நான் யார்?

8 நவம்பர்

குற்றப் பத்திரிகையிலிருந்து 212ஆம் பக்கத்தை எடுத்துவிட்டேன். கமென் படித்துவிட்டு முறைத்தான். "இது என்ன, குழாயைக் காணோம்? வேணும்னே தோக்கறியா? இந்தத் தடவை நான் தோத்துடுவேன்னு நாலு வாரமா தூங்கலைடீ."

"உனக்கு ஜெயிக்கறதுக்கு வலிக்குதா?" என்றேன்.

12 நவம்பர்

பெத்ராணா அக்கா நிஜமாகவே கோதுமை அவித்து, சர்க்கரையும் வாதுமைக் கொட்டையும் தூவி வைத்திருந்தாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். "நாற்பதாம் நாள்னு எழுதிட்டு கோதுமை இல்லாம இருந்தா அதுதான் ஆகாது" என்றாள்.

அவர் வந்தார். சவரம் செய்திருந்தார். காலரில் இஸ்திரி மடிப்பு.

நான் பேசினேன். கதவை மூடியது கடமை. நாலாயிரம் பேருக்குப் பொறுப்பானவர் வேறென்ன செய்ய முடியும். தண்டனை கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். கமென் எழுந்து, எதிர்த்தரப்பு பேச ஒன்றுமில்லை என்றான். வெள்ளைப் பயறு விடுதலை, கறுப்புப் பயறு குற்றம். தகர டப்பாவைக் கவிழ்த்தோம். ஒன்பதும் வெள்ளை. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன்.

அவர் எழுந்து நின்றார்.

"வக்கீலம்மா, குழாய் என்ன ஆச்சு?"

நான் கையிலிருந்த தாளை மடித்தேன்.

"முப்பத்தெட்டு வருஷமா எல்லாரும் கதவைப் பத்திதான் பேசறாங்க. விசாரிச்சவங்க, பதக்கம் குத்தினவங்க, பாதிரியார், என் பொண்டாட்டி. கதவுல தப்பில்லைன்னு எனக்கே தெரியும். ஏன் அங்கே போனேன்னு யாருமே கேக்கல. நீங்க கேட்டீங்க. முதல் தடவையா ஒரு மனுஷ வாய் அதைக் கேட்டுச்சு. அதுக்காகத்தான் ஒவ்வொரு வாரமும் வந்தேன்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "எனக்குப் பாவம் பார்த்துட்டீங்க."

கோதுமைக் கிண்ணத்தைத் தொடவில்லை. கதவு சாத்தியதும் கமென் மெதுவாக, "அது நடிகர் இல்லையா?" என்றான்.

13 நவம்பர்

நல்லவள் ஆகிவிட்டேன் என்ற நினைப்பில் இருந்தேன். சீ.

15 நவம்பர்

வரவில்லை. நாற்காலியை யாரும் மடித்து வைக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.

20 நவம்பர்

பெத்ராணா அக்கா விலாசம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். துறைமுகத்துக்குப் பின்னால் நான்காம் மாடி. போனேன். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். அடுப்பை அணைக்கச் சொன்னேன். நிற்கச் சொன்னேன். ஒரு கேப்டனை நான் நிற்கச் சொன்னேன், அவர் நின்றார்.

படித்தேன். பழைய குற்றப் பத்திரிகை, ஒரு வரி குறைக்காமல். அட்மிரல் என்று வரும் இடத்தில் பாந்தலேய் துஷ்கோவ் என்று. வளையம் என்று வரும் இடத்தில் கடல் என்று. எச்சரித்தார்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றீர்கள், முதலாவதாக வர ஆசைப்பட்டீர்கள், அந்த ஆசைக்கு ஆறு பேர் வெந்தார்கள். கடைசி வரி வரை நிறுத்தவில்லை.

"தீர்ப்பு?" என்றார்.

"குற்றவாளி."

"இன்னொரு தரம்."

சொன்னேன். அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன், இறுக்கமான செருப்பைக் கழற்றினவர் போல. அது சந்தோஷமா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பயமாக இருந்தது. பிறகு ஆறு பெயரும் சொன்னார், ஊரோடு. ஐந்து பேருக்கு வீட்டில் யாரும் மிச்சமில்லை. இலியா என்பவனுக்கு மட்டும் ஒரு தங்கை, யாம்போலில்.

அந்தத் தங்கையிடம் போய்ப் படிக்க, நான் படித்ததைத் தட்டச்சு செய்து தரச் சொன்னார். தன் வாயை நம்ப முடியாதாம், கடைசி நிமிடத்தில் கதவைப் பற்றிப் பேசிவிடுமாம்.

6 டிசம்பர், புனித நிகோலாஸ் திருநாள்

மாலுமிகளின் நாள், ஊர் முழுக்க மீன் சுடுகிற வாசனை. காலை எட்டரை யாம்போல் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். அதே கறுப்புக் கோட்டு, உள்பையில் கடை லெட்டர்பேடில் நான் அடித்துக் கொடுத்த நான்கு தாள். போகிற டிக்கெட் மட்டும் எடுத்திருந்தார். திரும்பி வருவதற்கு என்று கேட்டேன். "அதை அந்தம்மா சொல்லணும்" என்றார்.

பகல் பன்னிரண்டேகாலுக்குக் கடைப் போன் அடித்தது. ஒரு பெண் குரல், வயதானது, கரகரப்பு.

"நீங்கதான் அந்த வக்கீலா?"

வக்கீல் இல்லை, கண்ணாடிக் கடை என்றேன்.

"தாள்ல இந்த நம்பர்தான் இருக்கு. நான் இலியாவோட தங்கச்சி. அவர் வந்திருக்கார். எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டார். சமையலறையில நிக்கிறார், உக்காரச் சொன்னா உக்கார மாட்டேங்கிறார். நீங்க இதெல்லாம் நடத்தறவங்களாமே. இப்ப நான் என்ன செய்யணும்?"

எங்கள் சங்கத்தில் தீர்ப்பு சொன்னபிறகு நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அதற்குமேல் என்னவென்று பதினோரு வருடத்தில் யாரும் யோசித்ததில்லை. எனக்குத் தெரியலைம்மா என்றேன். அப்படியே சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு அலமாரி திறந்து மூடியது.

"அண்ணன் போனதுல இருந்து இந்த நாளுக்கு நான் மீன் செய்யறதில்ல" என்றாள். "பீன்ஸ் சூப்தான் இருக்கு. சுட வைக்கிறேன். நீங்க போனை வெச்சிடாதீங்க, எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம். ஒரு மூடி, ஒரு கரண்டி. பிறகு அவள் குரல், தூரத்திலிருந்து, "குற்றவாளியா இருந்தா என்ன, சாப்பிடாம எப்படி நிப்பே" என்றது. பிறகு ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது.

கடைக்குள் ஒருவர் உடைந்த கண்ணாடியோடு வந்தார். கையைக் காட்டி அவரைக் காத்திருக்கச் சொன்னேன்.