துவக்குப் பிடியில் ஐயாவின் இடக்கை

என் மூத்தவனே, என் அண்ணையே,

அன்பாகத் தொடங்கச் சொன்னார் உன் மனைவி. தொடங்கிவிட்டேன். இனி என் வாய்க்கு யாரும் பூட்டுப் போடவேண்டாம். உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றப் பக்கங்களில் நீ பண்பாளன், பாசமுள்ளவன், சிரித்த முகம் என்று எழுதிக் கிடக்கிறது. சிரித்த முகம்தான், என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும்.

வீட்டுப் பழக்கப்படி உன்னை நீங்கள் என்று எழுதவேண்டும். இன்றைக்கு அது கைக்கு வரவில்லை.

உன் சவப்பெட்டியை நான் செய்யவில்லை என்பது உனக்குத் தெரியுமா? கரம்பொனில் தச்சன் தம்பி ஒருவன் இருக்க, உனக்குப் பெட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் வந்தது. ஏன் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடமாகச் சொன்னதே நான்தானே.

தெரியாதவர்களுக்காக இன்னொரு முறை. எங்கள் பூட்டன் மலாயாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு ஒன்று கொண்டுவந்தார். தோளில் வைக்கும் அதன் பிடி தேன் நிறத்துச் சீமை மரம். சண்டைக் காலத்தில், துவக்கு வைத்திருப்பவர்கள் படை முகாமில் ஒப்படைக்கவேண்டும் என்று அறிவித்தார்கள். எங்களைப் பெற்ற ஐயா கொண்டுபோனார். குழல் இருந்தது, விசை இருந்தது, பிடி இல்லை. எங்கே என்று கேட்டார்கள். கறையான் தின்றுவிட்டது என்றாராம். யார் நம்புவார்கள்? பதினொரு நாள் அடைத்து வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள். வந்தவரின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அவரும் தச்சன். தச்சனுக்கு வலக்கை போனால் மிச்சம் என்ன?

அன்றே உன்னைப் பிடித்தேன். என் தச்சு ஆயுதப் பெட்டியில் காணாமற்போன ஸ்குறூட்றைவர் உன் மேசை லாச்சியில் கிடந்தது. "நீங்கள்தானே கழட்டி ஒளிச்சனீங்கள்?" என்று கேட்டேன். "ஓம், நான்தான்" என்றாய். அழகான கட்டை ஒன்றுக்காக ஐயாவின் கையைக் கொடுத்தவன் என்று சந்தையில் சொன்னேன், ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் படகுக்கு நின்ற சனத்திடம் சொன்னேன். ஐயா பக்கத்தில் இருக்கும்போதும் சொன்னேன். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

உன்னைப் புதைத்த கிழமை, ஓடு மாற்றுவதற்காக உன் வீட்டுப் பரணை ஒதுக்கியபோது அந்தப் பிடி வெளியே வந்தது. உன் மனைவி, என் மச்சாள், அதை உரப்பையில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. "பெடியன் கனடாவுக்குக் கொண்டுபோய்ச் சுவரில கொழுவப் போறானாம். திருத்தித் தாரும், தம்பி" என்றார். செத்தவீட்டுக்கு வந்திருந்த உன் மகனும் கூட நின்றான். "நல்லா உரஞ்சி, வாணிஸ் அடிச்சு, புதுசு மாதிரிப் பளபளவெண்டு செய்து தாங்கோ, சித்தப்பா" என்றான். உரஞ்சுவதற்கு அது என்ன குசினிக் கதவா? ஒரு நூல் மரம் போனாலும் இரும்போடு பொருந்தாது. பிடித்தவர்களின் கைபட்டு வந்த மினுக்கமும் போய்விடும். அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், உன் பிள்ளைதானே.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் அதை அடுப்பில் வைக்கத்தான் நினைத்தேன். தோளில் வைக்கும் பக்கத்தை ஊசியால் குத்தினேன், பொலபொலவென்று உதிர்ந்தது. முழுக்கக் கறையான். ஐயா சொன்ன பொய்யைக் கறையான் இருந்து நிதானமாக உண்மையாக்கியிருக்கிறது. சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

எரிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. வெயில் படாமல் நிழலில் காயவைத்தேன். புழுதியைத் தூரிகையால் எடுத்தேன். பசையைத் தண்ணீர் போலக் கரைத்து, ஊசி மருந்து ஏற்றும் குழாயால் ஓட்டை ஓட்டையாக விட்டேன். மூன்று நாள் விடவிடக் குடித்தது, பிறகு இறுகியது. அதன்பின் கழுத்துப் பக்கம் திருப்பினேன், கை சுற்றிப் பிடிக்கும் அந்த ஒடுங்கிய இடம். அங்கே ஒரு வெடிப்பு. அதை யாரோ முன்பே திருத்தியிருந்தார்கள். முதிரை மரத்தில் சீவிய இரண்டு ஆணிகள், மேலே மெழுகு பூசிய வலைநூல்.

நூலை அவிழ்த்துப் பார்த்தேன். ஆணிகளின் சீவல் மறுபக்கம் சாய்ந்திருந்தது. வலக்கைக்காரன் எவனும் அப்படிச் சீவமாட்டான். நீ ஆணி அடித்தால் விரலில் அடிக்கிற கந்தோர்க் கிளாக்கர், அது உன் வேலையும் இல்லை. விரல்கள் மடங்காமல் போன பிறகு இடக்கையால் கத்தி பிடிக்கப் பழகிய ஒருவரின் வேலை அது. அவர் கடைசியாகச் செய்த கதிரைகளில் அதே சாய்வு இருக்கிறது. முகாமிலிருந்து வந்த பிறகு ஐயாவே அந்தப் பிடியை எடுத்து வைத்துத் திருத்தியிருக்கிறார்.

செருப்பும் போடாமல் மச்சாளிடம் போனேன். வாசலில் நின்றே கேட்டேன்.

"ஓம், மாமாதான் ஒளிச்சவர்" என்றார். "பிடியில்லாட்டி அதை ஒருத்தரும் தோளில வைச்சுச் சுடேலாது எண்டு நினைச்சவர். இவர் கழட்டிக் குடுத்தவர், அவ்வளவுதான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் கோவத்தில முகாமடியில போய் நிண்டு கத்திப்போடுவீர், உம்மையும் வைச்சிருப்பாங்கள் எண்டு மாமா பயந்தவர். உமக்கு ஆரோடையாவது கோவிக்க வேணும். தன்னோட கோவிக்கட்டும் எண்டு இவர் விட்டிட்டார்."

"ஐயா செத்தாப்பிறகாவது சொல்லியிருக்கலாம்தானே?"

மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீர் கதைச்சால்தானே தம்பி, சொல்லுறதுக்கு."

நான் கதைக்கவில்லை, சரி. நீ கதைத்திருக்கலாமே. வேலிக்கு மேலால் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, மகனிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நீ நல்லவனாக இருந்து இருந்தே என்னைக் கெட்டவனாக்கிவிட்டுப் போயிருக்கிறாய். உன் பொறுமையை ஊர் மெச்சட்டும், எனக்கு அது அநியாயம். கூடப் பிறந்தவனுக்குப் பெட்டி செய்யாதவன் என்று இனிச் சாகும்வரை நான் இருக்கவேண்டும். அதை எந்தப் பசை விட்டு ஒட்டுவது?

பிடி முடிந்துவிட்டது. ஐயாவின் ஆணிகளை நான் தொடவில்லை, அவர் சுற்றிய நூலையே திரும்பச் சுற்றினேன். வாணிஸ் இல்லை, கொஞ்சம் எண்ணெய் மட்டும் பூசினேன். உன் மகன் பார்த்து முகம் சுளித்தான். "ஆர் சித்தப்பா இதை இப்படிக் கோணலா அடிச்சது?"

"உன்ர அப்பப்பா" என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கதிரையில் இருந்துவிட்டான். தகப்பனின் கையைக் கொடுத்தவனுடைய மகன் என்று பள்ளிக்கூடத்தில் அவனைப் பகிடி பண்ணினார்களாம். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்களின் தகப்பன்மார் சொன்னது. தகப்பன்மாருக்குச் சொன்னது நான்.

ஆகவே இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். என் அண்ணை ஒன்றையும் ஒளிக்கவில்லை. நான் சொல்லித் திரிந்தது பொய். மலர் படிக்காத சனமும் ஊரில் உண்டு. அவர்களுக்காக, உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது நின்று சொல்வேன். மெல்லச் சொல்ல எனக்குத் தெரியாது, கத்தித்தான் சொல்வேன். நீயும் ஐயாவும் பயந்த அதே கத்தல்தான். பயப்படாதே அண்ணை, இனி என்னை யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

இன்னும் கோபம் ஆறாத
உன் ஒரே தம்பி