வெனிங் கேட்ட குட்டி மெஷின்

ஆகஸ்ட் 4
கோழி ரத்த மாதிரிகளைக் குலுக்கிக் கலக்க ஒரு மெஷின் வாங்கப் போகிறோம். ஆய்வகத் தலைவி லெஸ்தாரி மேடம் என்னையும் வெனிங்கையும் கூப்பிட்டு, "ஆளுக்கு ஒண்ணு தேர்ந்தெடுங்க. யாரோடத வாங்குறோமோ, புது அறைக்கு அவங்கதான் பொறுப்பு" என்றார். எத்தனை வருஷமா இங்கே குப்பை கொட்டுறேன்! போன வருஷம் வந்தவளோடு எனக்குப் போட்டியா?

ஆகஸ்ட் 6
நான் சொன்னது பெரியது. நிதானமாகச் சுற்றும், நிறைய அடுக்கலாம். வெனிங் கையடக்கமாக ஒன்றை இரவல் வாங்கி வந்திருக்கிறாள். "அக்கா, நம்ம பிளாஸ்டிக் தட்டுல இருக்கிற குட்டிக் குழி ஒண்ணுக்கு ரெண்டு சொட்டு ரத்தம்தான். நிதானமா சுத்தினா அது அசையவே அசையாது. சின்ன வட்டமா, வேகமா சுத்தணும்."

சாயம் விட்டும் காட்டினாள். அவளுடையதில் எல்லாக் குழியும் ஒரே நீலம். பக்கத்து அறையில் இருக்கும், நான் சொன்ன மாதிரியான பெரிய மெஷினில் சாயம் அடியிலேயே கிடந்தது. "அது பழசு" என்றேன்.

ஆகஸ்ட் 8
மேடம் கேட்டதும் வெனிங் தலையைக் குனிந்துகொண்டாள். "ரத்ரி அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்." மேலதிகாரி முன்னால் மூத்தவளை மறுத்துப் பேச எந்த ஜாவாக்காரிக்கு வாய் வரும்? பெரிய மெஷின்தான். அறை எனக்கு.

செப்டம்பர் 16
முடிவுகள் பிசிறில்லாமல் வருகின்றன. மேடம் என் மெஷினைப் புகழ்ந்தார். வெனிங் சிரிக்கிறாள். சிரிக்க என்ன இருக்கு?

செப்டம்பர் 23
மறந்த குடையை எடுக்கத் திரும்பிப் போனேன். என் மெஷினிலிருந்து இறக்கிய தட்டை வெனிங் குழி குழியாகப் பிபெட்டால் உறிஞ்சி, திரும்ப விட்டு, கையாலேயே கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இது?"

"மெஷின் வந்த நாள்லேர்ந்து அக்கா. உங்க பேரு கெடக்கூடாதுல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கெட்டிக்காரி என்பது போதாதா, நல்லவளாகவும் இருந்து தொலையணுமா? சே.

செப்டம்பர் 24
சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 26
மேடமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குட்டி மெஷின் வரப்போகிறது. வெனிங்கிடம், "அறையையும் நீயே பார்த்துக்கோ" என்றேன்.

"ஐயோ, வேண்டாம் அக்கா."

"பரவாயில்ல, பார்த்துக்கோ."

"சரி அக்கா."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு வாழைப்பழ பஜ்ஜி நீட்டினால்கூட மரியாதைக்கு மூன்று தடவை வேண்டாம் என்பார்கள். இவள் ஒரே தடவைதான் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நானே வைத்துக்கொண்டிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.