பலகையில் உள்ள எண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீடு விலை பேசி முடிந்துவிட்டது. முன்பணமும் கை மாறியாயிற்று. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, நடுவில் உன் அம்மா போனைப் பிடுங்கி அழுவதில் போய் நிற்கும். அதனால்தான் எழுத்தில்.

முதலில் உன் கோபத்துக்குப் பதில். வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்று போர்டு மாட்டாதீர்கள், விலை விழுந்துவிடும் என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். எனக்குத் தெரியாததா? நடைபாதையில் சாக்கு விரித்துப் பூட்டு விற்று ஆரம்பித்தவன் நான். விற்கிறவன் முகத்தில் அவசரம் தெரிந்தால் வாங்குகிறவன் பாதி விலைக்குக் கேட்பான். தெரிந்த நாலு பேர் காதில் போட்டுவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் கூடுதலாகவே கிடைத்திருக்கும்.

போர்டு கேட்டது உன் அம்மா. படியேற அவள் முட்டி இடம் கொடுக்கவில்லை. ஒழுகுகிற கூரையோடு மல்லுக்கட்ட எனக்கும் தெம்பில்லை. கடையைக் கொடுத்துவிட்ட பிறகு இத்தனை பெரிய வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம். சந்தைப் பக்கம் கீழ்த்தளத்தில் இரண்டு அறை பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் ஒன்றில் மட்டும் பிடியை விடவில்லை. "அவனுக்குத் தெரிஞ்சது இந்த வாசல் ஒண்ணுதான். நாம போயிட்டா எங்க வந்து நிப்பான்?"

உன் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆகிறது. தப்பு யார்மேல் என்ற வழக்கை இப்போது எடுக்க வேண்டாம். அம்மா சொன்னதைக் கேள். "வீட்டுக்குப் போன் பண்ண அவன் ரோஷம் விடாது. வீடு வாங்கறவன் மாதிரி பண்ணலாம்ல? இந்தப் பக்கம் யாராவது அவன் சிநேகிதன் போவான், போர்டைப் பாத்துச் சொல்லுவான். விலை விசாரிக்கிறேன்னு அவன் கூப்பிடட்டும். நீங்களும் யாரோ மாதிரி பேசுங்க. அப்பனுக்கும் புள்ளைக்கும் அதுதான் தோது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரக்கு இருக்கிற பேச்சு அது. கடைப் படியில் தயங்கி நிற்பவனிடம், ஆணி வேணுமா என்று கேட்டு உள்ளே இழுத்துப் பூட்டு விற்றவன் நான். உள்ளே வர ஆளுக்கு ஒரு சாக்கு வேண்டும். சரி என்றேன்.

எண்ணைப் பெரிதாக எழுதச் சொன்னேன். போர்டு எழுத வந்தவன் எழுந்து நின்று பார்த்துவிட்டு, "ஐயா, வீட்டை விக்கிறீங்களா, நம்பரை விக்கிறீங்களா?" என்றான். உன் அம்மா கடைசியாகச் சிரித்தது அன்றுதான்.

அப்புறம் போன் ஓயவில்லை. எல்லாம் தரகர்கள், சும்மா விலை கேட்கிறவர்கள். எதிர்வீட்டுக்காரர் தன் ஜன்னலில் நின்றுகொண்டே குரலை மாற்றி விலை கேட்டார். நான் திரையை விலக்கிக் கைகாட்டினேன். வைத்துவிட்டார்.

நடுவில் ஒரு போன் வந்தது. ஹலோ என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் பஸ் போகிற சத்தம். தவறான எண் என்றால் வைத்துவிடுவார்கள், இது வைக்கவில்லை. அவனாக இருக்குமோ என்று பட்டது. வாங்க வந்தவரிடம் பேசுகிற மாதிரியே பேசினேன். கீழே மூன்று அறை, பின்னால் தண்ணீர்த் தொட்டி, வெயில் இந்தப் பக்கம் அடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில், "மாடியில ஒரு ரூம் இருந்துச்சு, இடிச்சு எடுத்துட்டோம்" என்றேன். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்கிறாயா? கடை நடத்தியபோது, சந்தையில் இல்லாத விலை ஒன்றை ஒரு காதில் போட்டுவிட்டு, அது எந்த வாய் வழியாக வெளியே வருகிறது என்று பார்ப்பேன். அந்தப் புத்தி. சொல்லி முடித்ததும் வாயெல்லாம் கசந்தது.

மறுநாள் நீ கூப்பிட்டாய். எடுத்த எடுப்பில், "அவன் ரூமை எதுக்குப்பா இடிச்சீங்க?" என்று சண்டைக்கு வந்தாய். யாரோ வீடு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த அறையை யாரும் இடிக்கவில்லை, மகளே. இடித்ததாக நான் சொன்னது உலகத்திலேயே ஒரு காதில்தான்.

ஆக, அவன் உன்னோடு பேசுகிறான். எத்தனை நாளாக என்று கேட்கமாட்டேன். கோபம் இல்லை. கொஞ்சம் நிம்மதி என்றுகூடச் சொல்லலாம். சாப்பிட்டானா என்று கேட்க ஒருத்தி இருக்கிறாளே. சொல்ல வேண்டாம் என்று உன்னிடம் சத்தியம் வாங்கியிருப்பான். அந்தச் சத்தியத்தை நீ உடைக்க வேண்டாம்.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் கூப்பிட்டான், வாயே திறக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? போர்டு வைத்தும் பிள்ளை கூப்பிடவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். மணியடித்தால் முன்பெல்லாம் அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். இப்போது வருவதில்லை. அன்று மெதுவாக, "அவன் உசிரோடதான் இருக்கானா?" என்று கேட்டாள். இருக்கிறான் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உளறியிருப்பேன்.

அவனிடம் ஒன்று மட்டும் சொல். அறை அப்படியே இருக்கிறது. கட்டில், சைக்கிள் பம்பு, சுவரில் அவன் ஒட்டிய படங்கள், எதையும் யாரும் தொடவில்லை. படியேற முடியாதவள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப் போய்ப் பெருக்கிவிட்டு வருகிறாள். அவன் மன்னிப்புக் கேட்க வேண்டாம், நானும் கேட்கவில்லை. வீடு என்ன விலை என்று கேட்டால் போதும். போனை நான் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் அக்கா தம்பி இரண்டு பேரும் எங்களுக்குப் பின்னாலும் பேச்சை விடாமல் இருக்க வேண்டும்.

யாராவது விலை கேட்டால் சொல்ல வசதியாக முடிவானதை எழுதிவிடுகிறேன். வாங்குவது ரொட்டிக்கடைக்காரர். நாற்பத்து மூன்று லட்சம் வரை வந்தவர். நாற்பத்தொன்றுக்குக் கொடுத்தேன், உன் பங்கிலும் குறையும், பொறுத்துக்கொள். "வித்த வீட்டுக்கு எதுக்கு ஐயா போர்டு?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குறைத்த இரண்டு லட்சத்துக்கு நான் வாங்கியது இவ்வளவு: சாவி ஆறு மாதம் கழித்துத்தான் கை மாறும். அதுவரை போர்டு வாசலிலேயே இருக்கும். அதற்குப் பிறகு ஒரு வருஷம், பையோடு யார் வந்து கதவைத் தட்டினாலும் அவர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எனக்குப் போன் செய்ய வேண்டும். நான் வந்து சேரும்வரை அந்த ஆளைப் போகவிடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா